கயிறு, இழை, சரடு, பிசிர்

கோட்டைக்குள் அக்ரஹாரம், திருவனந்தபுரம்
2 ஜூன் 2024, ஞாயிறு

அன்புள்ள மாடம்மாளுக்கு,

நாம் நேரில் பார்த்ததில்லை. ஆனாலும் இரண்டு மாதமாக உங்கள் கையெழுத்தோடுதான் குடித்தனம் நடத்திக்கொண்டிருக்கிறேன், அதனால் புதிதாக அறிமுகம் செய்துகொள்ளக் கூச்சமாக இருக்கிறது. ஸ்மிதா சொல்லியிருப்பாள். பத்மஜா டீச்சர், இருபத்தாறு வருஷம் இங்கிலீஷ் ட்யூஷன் எடுத்தவள், ஸ்மிதாவே பத்தாம் வகுப்பில் என்னிடம் படித்தவள். இப்போது வீட்டிலிருந்தபடி மொழிபெயர்ப்பு வேலை. உங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்தில் போன் எடுக்காது, போனக்காட்டு பஸ் கண்டக்டர் ஜிஜியிடம் கொடுத்தால் கவர் பத்திரமாகப் போய்ச் சேரும் என்று சொன்னதும் அவள்தான். நாளைக் காலை தம்பானூர் ஸ்டாண்டுக்குப் போக வேண்டும்.

விஷயத்துக்கு வருகிறேன். முடித்துவிட்டேன். மூன்று நோட்டும், நூற்றுப்பன்னிரண்டு பக்கமும் இங்கிலீஷில் ஆகிவிட்டன. ஸ்மிதா அதைத் தன் கட்டுரையோடு சேர்த்து நேற்றே வெளிநாட்டுப் பத்திரிகைக்கு அனுப்பிவிட்டாள். காலேஜில் விலங்கியல் கற்பிக்கிறவள், என் இங்கிலீஷில் ஒரு எழுத்தைக்கூட மாற்றவில்லை என்றாள். பெருமையாக இருந்தது, பொய் சொல்வானேன்.

ஆனால் உங்கள் பெருமைக்கு முன்னால் அது எம்மாத்திரம். தேயிலைக் கொழுந்து பறிக்கிற கை, மூன்று வருஷம் விடிகாலையில் எழுந்து ஒரு சிலந்தி என்ன செய்கிறது என்று எழுதியிருக்கிறது. பின்னங்காலால் நூலைச் சீவுகிறது என்பதற்காக அதற்குச் சீப்புக்காரி என்று பேர் வைத்தீர்களே, அந்தப் பக்கத்தை என் ஆத்துக்காரர் வெங்கடசுப்ரமணியனுக்கு வாசித்துக் காட்டினேன். மனுஷர் பேப்பரைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார். அது எங்கள் வீட்டில் லேசில் நடக்காது.

உங்கள் நடையைப் பற்றியும் ஒன்று சொல்லியாக வேண்டும். கயிறு, இழை, சரடு, பிசிர் என்று மாற்றி மாற்றிப் போட்டு அலுக்காமல் எழுதியிருக்கிறீர்கள். ஒரே சொல்லைத் திரும்பத் திரும்பப் போடுகிற பிள்ளைகளின் நோட்டில் சிவப்பு மையால் வட்டம் போட்டே என் ஆயுசில் பாதி போயிற்று. உங்கள் நோட்டில் ஒரு வட்டத்துக்கு இடமில்லை. நானும் சளைக்கவில்லை. த்ரெட், ஸ்ட்ராண்ட், ஃபிலமெண்ட், ஸ்ட்ரிங் என்று இங்கிலீஷிலும் மாற்றி மாற்றி அழகாகப் போட்டிருக்கிறேன்.

நோட்டுகளை ஸ்மிதா கொண்டுவந்து தருவாள். ஒரு பக்கமும் மடங்கவில்லை.

பத்மஜா

*

போனக்காடு
7 ஜூன் 2024

டீச்சருக்கு மாடம்மாள் எழுதுவது.

ஜிஜி கவரைக் கையில் கொடுத்தார். என் பேருக்கு இவ்வளவு பெரிய கடிதம் வந்தது இதுதான் முதல். இரண்டு தடவை வாசித்தேன், பிறகு என் வீட்டுக்காரர் வீரபாண்டிக்கு வாசித்துக் காட்டினேன். ரொம்ப நன்றி டீச்சர்.

ஒன்று மட்டும் சொல்ல வேண்டும். நான் அழகுக்காக மாற்றி எழுதவில்லை. அந்த நாலும் வேறு வேறு. கயிறு என்பது இலைக்கும் கம்புக்கும் நடுவில் சீப்புக்காரி இழுத்துக் கட்டுவது, வலை நிற்பதே அதில்தான். இழை என்பது போகிற இடமெல்லாம் பின்னால் விட்டுக்கொண்டே போவது, தவறி விழுந்தால் அதைப் பிடித்துத் தொங்குவாள். சரடு என்பது உள்ளே சுற்றுச்சுற்றாக இருப்பது, பூச்சி சிக்குவது அதில். பிசிர் என்பது சரடின் மேல் அவள் காலால் சீவி ஏற்றுகிற பஞ்சு. மூன்று வருஷத்தில் ஒரு இடத்திலாவது ஒன்றுக்கு இன்னொன்றை எழுதியிருந்தால் அது என் தப்பு. இங்கிலீஷிலும் நாலாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன்.

ஸ்மிதா மேடம் கட்டுரையை எழுதியவர்கள் வரிசையில் என் பேரையும் போட்டிருப்பதாகச் சொன்னார்கள். மூன்றாவது பேர். டீச்சர் அதைக் கண்ணால் பார்த்தீர்களா? நான் அம்பாசமுத்திரம் பக்கம் பத்தாவது வரை தமிழில் படித்தேன், கல்யாணம் ஆகி இங்கே வந்து இருபத்தெட்டு வருஷம் ஆகிறது. ரேஷன் கார்டிலும் வோட்டர் லிஸ்டிலும் தவிர என் பேர் எங்கேயும் அச்சில் வந்ததில்லை. லயத்தில் என்னை எட்டுக்கால் பைத்தியம் என்பார்கள். கொழுந்தைப் பார்க்காமல் வலையைப் பார்க்கிறாள் என்று சிரிப்பார்கள். நான் பார்த்தது நிஜம் என்று யாராவது எழுத்தில் ஒத்துக்கொண்டால் போதும், வேறு ஒன்றும் வேண்டாம்.

மாடம்மாள்

*

திருவனந்தபுரம்
10 ஜூன் 2024

அன்புள்ள மாடம்மாளுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. இங்கே மழை கொட்டுகிறது. கிழக்கேகோட்டையில் பஸ் நிற்கும் இடத்தில் முழங்கால் அளவு தண்ணீர். உங்கள் மலையில் எப்படியோ.

நாலு விதம் பற்றி எழுதியிருந்தீர்கள், சுவாரசியமாக இருந்தது. மொழிபெயர்ப்பு என்றால் கொஞ்சம் முன்பின் இருக்கத்தான் செய்யும், படிக்கிறவர்கள் புரிந்துகொள்வார்கள். கவலைப்படாதீர்கள். பேர் மூன்றாவதாக இருக்கிறது, பார்த்தேன்.

நாரத்தங்காய் ஊறுகாய் ஒரு பாட்டிலும் முறுக்கும் வைத்திருக்கிறேன். ஜிஜிக்கும் ஒரு பொட்டலம் தனியாகக் கொடுத்திருக்கிறேன், உங்களுடையதில் கை வைக்காமல் இருக்க வேண்டுமே.

பத்மஜா

*

போனக்காடு
29 ஆகஸ்ட் 2024

டீச்சருக்கு,

ஊறுகாய் பாட்டிலைக் கழுவி இதோடு அனுப்பியிருக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை ஸ்மிதா மேடம் வந்தார்கள். பத்திரிகையிலிருந்து கட்டுரை திரும்பி வந்துவிட்டது. அதைப் படித்துப் பார்த்த நிபுணர் ஒருவர் ஒரு பக்கம் எழுதியிருக்கிறார். மேடம் மலையாளத்தில் சொல்லச் சொல்ல நான் எழுதிக்கொண்டேன். "இந்தக் குறிப்புகளை எழுதியவர் ஒரு பக்கத்தில் ஸ்ட்ராண்டைச் சிலந்தி தின்றுவிட்டது என்கிறார். அடுத்த பக்கத்தில் அன்றே ஃபிலமெண்ட் அப்படியே இருந்தது என்கிறார். பிறகு ஸ்ட்ரிங் என்று ஒன்று எங்கிருந்தோ வருகிறது. பயிற்சி இல்லாத இவருக்கு எதைப் பார்க்கிறோம் என்பதே தெரியவில்லை. இதை நம்பி ஒரு முடிவுக்கும் வர முடியாது."

நாங்கள் இரண்டு பேரும் என் வீட்டு வாசலில் உட்கார்ந்தோம். என் நோட்டை நான் வாசித்தேன், உங்கள் இங்கிலீஷை மேடம் வாசித்தார்கள். அவருக்குத் தமிழ் பேசத் தெரியும், எழுத்து தெரியாது. அதனால்தானே நோட்டு உங்களிடம் வந்தது. நாற்பது பக்கம் போவதற்குள் தெரிந்துவிட்டது. நான் சரடு என்று எழுதிய ஒன்றுக்கு நீங்கள் நாலு பேர் வைத்திருக்கிறீர்கள். கயிற்றுக்கும் ஸ்ட்ரிங், சரடுக்கும் ஸ்ட்ரிங். இழையும் த்ரெட், பிசிரும் த்ரெட். இதைப் படித்தால் எனக்கே எனக்குப் பைத்தியம் என்றுதான் தோன்றும். நிபுணரைக் குற்றம் சொல்ல முடியாது.

செப்டம்பர் முப்பதுக்குள் திருத்தி அனுப்ப வேண்டுமாம். நோட்டு சம்பந்தப்பட்டதை எல்லாம் வெட்டிவிடலாம், அதுதான் வழி என்றார்கள் மேடம். அப்போது என் பேரும் மேலிருந்து போய்விடும். கடைசியில் நன்றி என்று ஒரு பத்தி வருமாம். ஜீப் ஓட்டியவர், அனுமதிக் கடிதம் வாங்கிக் கொடுத்தவர், மாடம்மாள். இதைச் சொல்லும்போது மேடம் என் முகத்தைப் பார்க்கவில்லை.

நான் ஏழாம் தேதியே உங்களுக்கு எழுதினேன், நாலும் வேறு வேறு என்று. நீங்கள் பத்தாம் தேதி ஊறுகாய் அனுப்பினீர்கள். அன்றைக்கு உங்களுக்குத் தெரிந்ததா, தெரியவில்லையா? அதை மட்டும் சொல்லுங்கள்.

இரண்டு மாதம் என் நோட்டோடு இருந்தீர்கள். ஒரு நாள் பஸ் ஏறி வந்து சீப்புக்காரியைப் பார்க்க வேண்டும் என்று உங்களுக்குத் தோன்றவேயில்லை.

மாடம்மாள்

*

திருவனந்தபுரம்
31 ஆகஸ்ட் 2024

மாடம்மாளுக்கு,

தெரிந்தது.

உங்கள் ஜூன் மாதக் கடிதத்தை அடுப்படியில் நின்றபடி வாசித்தேன். வாசித்த நிமிஷமே புரிந்துவிட்டது. ஸ்மிதாவைக் கூப்பிடப் போனைக் கையில் எடுத்தேன், வைத்துவிட்டேன். நான் காதைத் திருகிப் பாடம் சொல்லிக் கொடுத்த பெண்ணிடம் தப்பு பண்ணிவிட்டேன் என்று சொல்ல வாய் வரவில்லை. யார் கவனிக்கப் போகிறார்கள் என்று நினைத்தேன். முறுக்கு பிழிய உட்கார்ந்தேன். அவ்வளவுதான் நடந்தது. மன்னிப்புக் கேட்கிறேன், ஆனால் நீங்கள் உடனே தர வேண்டும் என்று எதிர்பார்க்கவில்லை.

என் மூடத்தனம் எங்கிருந்து வந்தது என்று மட்டும் சொல்கிறேன். ஒரு சொல்லை ஒரு பக்கத்தில் இரண்டு தடவை போட்டால் தரித்திரம் என்று எனக்குச் சொல்லிக் கொடுத்தார்கள், நான் எண்ணூறு பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தேன். கட்டுரைப் போட்டியில் அதற்கு மார்க் உண்டு. நீங்கள் செய்வது போன்ற காரியத்தில் சொல்லை மாற்றுவதுதான் பெரிய பாவம் என்று என் மண்டைக்கு எட்டவில்லை. நாலு பொருளுக்கு நாலு சொல் வைத்து, மூன்று வருஷம் ஒரு தடவைகூட வழுவாமல் எழுதியிருக்கிறீர்கள். நேற்று ராத்திரி முழுக்க நோட்டின் நகலை வைத்துக்கொண்டு தேடினேன். நூற்றுப்பன்னிரண்டு பக்கத்தில் ஒரு இடம் கிடைக்கவில்லை. என்னிடம் படித்த ஒருவரிடமும், என்னிடமும்கூட, இந்தச் சுத்தம் இல்லை.

நேற்றுப் பகலில் ஸ்மிதாவின் காலேஜுக்கே போனேன். "தப்பு நோட்டில இல்லை, என்கிட்டதான். எனக்கு ஜூன் மாசமே தெரியும்" என்று சொன்னேன். அவள் எனக்கு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டாள். பிறகு, "டீச்சர் எழுதினதை நான் எங்ஙனெ திருத்தும்னு வாயை மூடிட்டேன். எனக்கும் அதில பங்குண்டு" என்றாள். இருவரும் அசடு மாதிரி உட்கார்ந்திருந்தோம்.

செப்டம்பர் இருபத்தைந்து வரை எனக்குத் தவணை கொடுத்திருக்கிறாள். முழுவதையும் முதலிலிருந்து திரும்பச் செய்கிறேன். பத்திரிகை ஆசிரியருக்கு என் கையெழுத்தோடு தனியாக ஒரு கடிதம் போகும், குழப்பம் மொழிபெயர்த்தவளுடையது, பார்த்தவருடையது இல்லை என்று.

சிலந்தி சாஸ்திரத்தில் இதற்கெல்லாம் பெரிய பெரிய பெயர்கள் உண்டாம். ஆனால் நோட்டில் இருப்பது நீங்கள் பிரித்த பிரிவு, அதை எளிய சொல்லில் போட்டு, முதல் பக்கத்தில் இன்னது இன்னதென்று சொல்லிவிட்டால் போதும் என்கிறாள் ஸ்மிதா. அந்த நாலு சொல்லைத் தேர்ந்தெடுக்க எனக்கு உங்கள் உதவி வேண்டும். பார்த்த மாத்திரத்தில் எல்லாம் ஒரே மெல்லிசுதானே. எது எது என்று எப்படிக் கண்டுபிடிக்கிறீர்கள்?

பத்மஜா

*

போனக்காடு
6 செப்டம்பர் 2024

டீச்சருக்கு,

தெரிந்தது என்று எழுதினீர்கள். அதனால்தான் இந்தப் பதில். இல்லையென்றால் எழுதியிருக்க மாட்டேன். கோபம் போகவில்லை. வேலை வேறு, கோபம் வேறு.

எப்படிக் கண்டுபிடிக்கிறேன் என்று இதுவரை யாரும் கேட்கவில்லை. ஸ்மிதா மேடம்கூட.

புட்டு மாவை நன்றாகச் சலித்து, மல்லுத் துணியில் கட்டி வைத்திருப்பேன். விடியும்போது வலைக்கு மேலே பிடித்து விரலால் ஒரு தட்டு. சரடு மாவைப் பிடித்துக்கொண்டு வெள்ளையாகத் தெரியும். கயிற்றிலும் இழையிலும் மாவு நிற்காது. இது முதல் சோதனை.

பிறகு விளக்குமாற்று ஈர்க்கு ஒன்று. அதன் நுனியால் தொட்டால் சரடு ஒட்டிக்கொண்டு ஒரு விரற்கடை கூடவே வரும், விட்டால் திரும்பிப் போகும். கயிற்றைத் தொட்டால் சரடு ஒட்டுகிற மாதிரி ஒட்டாது, ஆனால் வலை முழுக்க அதிரும். இழையை லேசாகத் தூக்கினால் வலை அசையாது, அவள் மட்டும் அசைவாள். அது வலைக்கு இல்லை, அவளுக்கே அவள் விட்டுக்கொள்வது. பிசிரைத் தனியாக எடுக்க முடியாது, மேடம் கொடுத்த லென்ஸில் வெயிலுக்கு எதிரே பார்த்தால் புகை மாதிரி தெரியும். அந்தப் புகைக்குள்ளே சரடு ஒன்றாக இல்லை, மெல்லிசாக இரண்டு பக்கத்தில் பக்கத்தில் ஓடுகிறது. கயிறு அப்படி இல்லை, அவள் அதன் மேலேயே போய்ப் போய் வந்து கனமாக்குகிறாள்.

ஒரு வலையில் ஒரு நாளைக்கு ஒரு தடவைதான் மாவு போடுவேன். அடிக்கடி போட்டால் பாவம் அவள் வேலையெல்லாம் வீணாகும்.

இவ்வளவுதான். சந்தேகம் இருந்தால் கேளுங்கள்.

மாடம்மாள்

*

திருவனந்தபுரம்
12 செப்டம்பர் 2024

அன்புள்ள மாடம்மாளுக்கு,

உங்கள் கடிதத்தை வாசித்துவிட்டு விளக்குமாற்றிலிருந்து ஒரு ஈர்க்கை உருவிப் பார்த்தேன். புட்டு மாவும் விளக்குமாற்று ஈர்க்கும் வைத்து ஒரு பரிசோதனைச் சாலை நடத்தியிருக்கிறீர்கள். நான் ஐந்து டிக்‌ஷனரி வைத்துக்கொண்டு கோட்டை விட்டேன்.

இந்தத் தடவை டிக்‌ஷனரியை அப்புறம் திறப்பது என்று முடிவு செய்தேன். வீட்டில் மெல்லிசாக நீளமாக என்னென்ன உண்டோ அத்தனையையும் சாப்பாட்டு மேஜையில் பரப்பினேன். தையல் நூல், ஸ்வெட்டர் பின்ன வாங்கிய கம்பளி நூல், பார்சல் கட்டுகிற சணல், பூ கட்டுகிற வாழை நார், திரைச்சீலைக் கயிறு, ஆத்துக்காரரின் பைஜாமா நாடா. "என்ன, சாலைக் கடைத்தெருவைப் பெயர்த்துக் கொண்டு வந்துட்டியா?" என்றார். நாடா இல்லாமல் அவர் பைஜாமாவைப் பிடித்துக்கொண்டு நின்றது வேறு விஷயம்.

ஸ்ட்ரிங் என்பது எதையாவது கட்டுவதற்கு. சாமான் ஒன்று, அதைச் சுற்றி ஸ்ட்ரிங். சீப்புக்காரி வலையில் அப்படி எதையும் கட்டி வைக்கவில்லை, ஆகையால் முதலில் அது போயிற்று. ட்வைன் முறுக்கிய சணல், கார்ட் அதைவிடக் கனம், நாடாவுக்கும் திரைச்சீலைக்கும் சரி. இரண்டும் வேண்டாம். யார்ன் என்பது பின்னவோ நெய்யவோ எடுத்து வைத்த கம்பளி நூல், அது ஒரு பொருளுக்கு முந்தின நிலை. உங்களுடையவள் நூற்று வைத்துவிட்டு அப்புறம் பின்னுகிறவள் இல்லையே. ஸ்ட்ராண்டுக்கு என் பின்னலைப் பார்த்தேன். மூன்று காலில் ஒரு காலுக்கு அந்தப் பேர். கூட்டாளிகள் இருந்தால்தான் அந்தச் சொல்லுக்கு வாழ்வு. நான் எழுதியதில் அதிகம் இருந்தது அதுதான், நூற்று நாற்பது இடம்.

மிச்சத்தைச் சொல்கிறேன், உங்களுக்குச் சம்மதமா என்று பாருங்கள். உங்கள் கயிற்றுக்கு ரோப் என்று போட்டால் கிணற்றுக் கயிறு நினைவுக்கு வரும். லைன் என்று வைக்கிறேன். துணி காயப்போடுகிற கொடிக்கும் தூண்டிலுக்கும் அந்தச் சொல்தான். இரண்டு முனையில் இழுத்துப் பிடித்து, பாரம் தாங்குவது. இழைக்கு ஃபிலமெண்ட். ஒற்றையாக, உள்ளே வேறு பிரிவில்லாமல், அறுபடாமல் ஓடிக்கொண்டே இருப்பதற்கு அந்தப் பேர். சரடுக்கு த்ரெட், ஏனென்றால் அது இரண்டு சேர்ந்து ஒன்றாக வேலை செய்வது, தையல் நூலைப் பிரித்துப் பார்த்தால் அப்படித்தான் இருக்கிறது. பிசிருக்கு ஃபைபர். வாழை நாரைக் கிழித்தால் ஓரத்தில் நிற்குமே, தனியாக எடுத்து ஒரு காரியத்துக்கும் ஆகாமல், கூட்டமாக இருந்தால்தான் பிடிக்கிற சக்தி வருவது, அது.

நாலு சொல், நாலு பொருள். இனி ஒரு பக்கத்தில் த்ரெட் இருபது தடவை வந்தாலும் இருபது தடவையும் த்ரெட்தான். சிவப்பு மைக்குக் கை நீள்கிறது, ஆனாலும் எழுதுகிறேன்.

ஒரு சந்தேகம் உண்டு, கேட்கலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். மூடுபனிக் காலைகளில் அவள் பிசிரை எடுத்துவிடுகிறாள், சரடு மொட்டையாக நிற்கிறது என்று பதினோரு இடத்தில் எழுதியிருக்கிறீர்கள். ஸ்மிதாவின் கட்டுரையில் பாதி அதை வைத்துத்தான் நிற்கிறது. போன தடவை நான் யோசிக்காமல் ரிமூவ்ஸ் என்று போட்டுவிட்டேன். அவள் எடுப்பதை நீங்கள் பார்த்தீர்களா, அல்லது அது இல்லாமல் இருந்ததைப் பார்த்தீர்களா? இரண்டுக்கும் வேறு வேறு வாக்கியம் எழுத வேண்டும்.

பத்மஜா

*

போனக்காடு
20 செப்டம்பர் 2024

டீச்சருக்கு,

நாலு சொல்லும் எனக்குச் சம்மதம். துணிக்கொடி என்று சொன்னது சரியாக இருந்தது.

கடைசிக் கேள்வியைப் படித்தபோது கடிதத்தைக் கிழித்துப் போடலாம் என்று வந்தது. இவர் தப்பு பண்ணிவிட்டு என்னைச் சோதிக்கிறாரா என்று இருந்தது. அன்று பூரா பழைய நோட்டையே புரட்டிக்கொண்டிருந்தேன். மறுநாள் காலை எழுந்து ஓடைப் பக்கம் போனேன். பனி வருவதற்கு முன்னாலேயே போய் உட்கார்ந்தேன். இதுவரை பனி விலகிய பிறகுதான் போவேன், பனியில் ஒன்றும் தெரியாதே. இந்தத் தடவை வலைக்கு ஒரு சாண் பக்கத்தில் முகத்தை வைத்துக்கொண்டு, லென்ஸைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தேன். ஐந்து காலை.

அவள் எடுக்கவில்லை டீச்சர். பனி ஏற ஏறப் பிசிர் நனைந்து, சரடோடு சரடாகப் படிந்துவிடுகிறது. நனைந்த தலைமுடி மாதிரி. மாவு போட்டால் நிற்காது, லென்ஸில் புகை தெரியாது. மொட்டையாகத்தான் தெரியும். அவள் நடுவில் அசையாமல் உட்கார்ந்திருக்கிறாள். வெயில் வந்து காய்ந்த பிறகும் பிசிர் எழும்பவில்லை. அதற்கு அப்புறம்தான் அவள் எழுந்து, பழைய சரடை எல்லாம் சுருட்டித் தின்றுவிட்டுப் புதிதாகப் போடுகிறாள். எடுப்பது நிஜம். ஆனால் நான் சொன்ன நேரத்தில் இல்லை, நான் சொன்ன மாதிரியும் இல்லை. நான் பார்த்தது இல்லாததை. எடுத்ததைப் பார்த்ததாகப் பதினோரு தடவை எழுதிவிட்டேன்.

வீரபாண்டியிடம் சொன்னேன். அவர் வெற்றிலையை மென்றுகொண்டே, "யாருக்குத் தெரியப் போகுது, விடு" என்றார். "எனக்குத் தெரியும்லா" என்றேன்.  மறுநாள் அவரே டார்ச் பிடித்துக்கொண்டு கூட வந்தார்.

அதனால் இதையும் எழுதுங்கள். பார்த்தவள் பதினோரு இடத்தில் தப்பாக எழுதினாள், பிறகு ஐந்து நாள் பார்த்துத் திருத்தினாள் என்று தெளிவாக எழுதுங்கள். அந்த நிபுணர் ஏற்கனவே எனக்கு ஒன்றும் தெரியாது என்கிறார். இதையும் படித்தால் சரிதான் என்று மூடி வைத்துவிடுவார். பேர் அடியில் போகும், அல்லது அடியிலும் இருக்காது. இரண்டு நாளாக அதைத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறேன், தூக்கம் இல்லை. போனால் போகட்டும். தப்பான பக்கத்துக்கு மேலே என் பேர் இருப்பதைவிட இல்லாமல் இருப்பது நல்லது.

புது நோட்டில் ஐந்து நாள் குறிப்பு இருக்கிறது. நோட்டையே அனுப்பியிருக்கிறேன், நனையாமல் பாருங்கள்.

மாடம்மாள்

*

திருவனந்தபுரம்
24 செப்டம்பர் 2024

அன்புள்ள மாடம்மாளுக்கு,

இன்று மதியம் எல்லாம் போய்விட்டது. நூற்றுப்பன்னிரண்டு பக்கமும், உங்கள் ஐந்து நாளும், ஆசிரியருக்கு என் கடிதமும். என் கடிதத்தில் ஜூன் மாதமே தெரிந்தும் சொல்லவில்லை என்பதையும் எழுதியிருக்கிறேன். அது வேண்டுமா டீச்சர் என்று ஸ்மிதா கேட்டாள். வேண்டும் என்றேன்.

உங்கள் திருத்தத்தை அவளுக்கு நான்தான் வாசித்துக் காட்டினேன். கட்டுரையின் அஸ்திவாரமே ஆடுகிறதே என்று முகம் வெளுத்துவிட்டது. பிறகு, "சேச்சி பார்த்தது இதுதான்னா இதுதான் போகணும்" என்று சொல்லி, தன் பகுதியில் நாலு பக்கத்தை அழித்து எழுதினாள். மூன்று நாள் நாங்கள் இரண்டு பேரும் சரியாகச் சாப்பிடவில்லை.

பேர் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாது. சமாதானத்துக்காக ஒன்று சொல்லி வைக்க மனம் வரவில்லை. எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். என் பிழையை நீங்கள் பிடித்துக் கொடுத்த பிறகும் நான் எண்பது நாள் பேசாமல் இருந்தேன். உங்கள் பிழையைப் பிடிக்க யாரும் இல்லாத இடத்தில் நீங்களே போய் உட்கார்ந்து பிடித்தீர்கள். உங்களை நினைத்தால் எனக்கு எழுந்து நிற்க வேண்டும் போலிருக்கிறது. அலங்காரத்துக்காகச் சொல்லவில்லை, அந்தப் பழக்கத்தை விட்டுவிட்டேன்.

பத்மஜா

*

திருவனந்தபுரம்
5 டிசம்பர் 2024

மாடம்மாளுக்கு,

எடுத்துக்கொண்டார்கள். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன், மற்றதை உட்கார்ந்து வாசியுங்கள்.

அந்த நிபுணர் இரண்டாவது தடவை எழுதியது அரைப் பக்கம்தான். வரி வரியாகத் தமிழில் தருகிறேன், ஒரு சொல்லும் கூட்டவில்லை. "குறிப்புகள் இப்போது தெளிவாக இருக்கின்றன. பார்த்தவர் தன் பிழையைத் தானே கண்டுபிடித்து, அதற்கான சோதனையையும் செய்திருக்கிறார். முந்தைய அறிக்கையில் அவரைப் பற்றி நான் எழுதியதைத் திரும்பப் பெறுகிறேன். மாவு கொண்டு சோதிக்கும் முறையைத் தனித் தலைப்பில் தர வேண்டும். நோட்டு முழுவதும் இணைப்பாக வெளிவர வேண்டும்."

ஸ்மிதா உங்கள் பேரை இரண்டாவது இடத்துக்கு ஏற்றிவிட்டாள். நான் கேட்கவில்லை, அவளாகச் செய்தாள். அச்சுக்குப் போகிற பக்கத்தின் பிரதியை இதோடு வைத்திருக்கிறேன். மேலே பாருங்கள். என் பேர் கடைசியில் நன்றிப் பத்தியில், ஜீப் ஓட்டியவருக்குப் பக்கத்தில். சரியான இடம்தான்.

அதே கடிதத்தில் அவர் ஒரு கேள்வி கேட்டிருக்கிறார். கட்டுரைக்குச் சம்பந்தமில்லை, தெரிந்துகொள்ளும் ஆசையில் கேட்பதாக எழுதியிருக்கிறார். சீப்புக்காரி பிசிரைச் சீவிக்கொண்டிருக்கும்போது நடுவில் மழை பிடித்துக்கொண்டால் என்ன செய்கிறாள்? பாதிச் சரடை அப்படியே விட்டுவிடுகிறாளா, முடித்துவிட்டுத்தான் ஒதுங்குகிறாளா? ஸ்மிதாவைக் கேட்கவில்லை. "மாடம்மாளிடம் கேட்டுச் சொல்லுங்கள்" என்று உங்கள் பேரைப் போட்டு எழுதியிருக்கிறார். அந்த வரியை நான் எத்தனை தடவை படித்தேன் என்று எண்ணவில்லை.

உங்கள் பதிலை எதிர்பார்க்கிறேன். அவருக்கு உடனே எழுதிவிடுகிறேன்.

பத்மஜா

*

போனக்காடு
9 டிசம்பர் 2024

டீச்சருக்கு,

பக்கத்தைப் பார்த்தேன். என் பேர் இங்கிலீஷில் இவ்வளவு நீளமா என்று இருந்தது. வீரபாண்டி எழுத்துக் கூட்டி வாசித்துவிட்டு, முகம் கழுவப் போகிறேன் என்று வெளியே போனார். வெகுநேரம் கழித்துத்தான் வந்தார். லயத்தில் இப்போதும் நான் எட்டுக்கால் பைத்தியம்தான். ஆனால் சனிக்கிழமை மூன்று பேர் வந்து, எந்த வலை என்று காட்டச் சொன்னார்கள். காட்டினேன். ஒருத்தி மூச்சை அடக்கிக்கொண்டு பார்த்தாள்.

எனக்கு அழுகை வந்தது டீச்சர், பேரைப் பார்த்தபோது இல்லை, கேள்வியைப் பார்த்தபோது. இருபத்தெட்டு வருஷத்தில் என்னிடம் யாரும் தெரியாத ஒன்றைக் கேட்டதில்லை.

அவருக்கு எழுதுங்கள், எனக்குத் தெரியாது என்று. சீவும்போது மழை வந்ததை இரண்டே தடவை பார்த்திருக்கிறேன், இரண்டு தடவையும் நான் கொட்டகைக்கு ஓடிவிட்டேன். அவள் என்ன செய்தாள் என்று பார்க்கவில்லை. பார்க்காததை இனி எழுத மாட்டேன்.

உங்கள் மேல் இருந்த கோபம் எப்போது போனது என்று தெரியவில்லை. போய்விட்டது. ஆனால் இந்தக் கேள்விக்கான பதிலை நான் எழுதி அனுப்பி, நீங்கள் அங்கே மேஜையில் வைத்து இங்கிலீஷ் ஆக்குகிற வேலை வேண்டாம். வெள்ளிக்கிழமை பஸ்ஸில் ஏறுங்கள். ஜிஜியிடம் சொல்லி முன் சீட் போட்டு வைத்திருக்கிறேன். எங்கள் வீட்டில் ஒரு கட்டில் சும்மாதான் கிடக்கிறது. அட்டை கடிக்கும், சாக்ஸுக்குள் உப்பு போட்டுக்கொள்ளுங்கள், குடை கொண்டு வாருங்கள். பகலில் இங்கே மழை இன்னும் விட்டுவிட்டு வருகிறது. இரண்டு பேரும் வலைக்கு ஆளுக்கு ஒரு பக்கமாக உட்காருவோம். நடுவில் பேசிக்கொள்ள வேண்டாம். நீங்கள் பார்த்ததை நீங்கள் எழுதுங்கள், நான் பார்த்ததை நான் எழுதுகிறேன். இரண்டும் ஒன்றாக இருந்தால் அவருக்கு அனுப்புவோம்.

மாடம்மாள்